மழை பொய்த்த மண்ணும் கடல் கடந்த கைகளும்

(இறக்கக்கண்டியில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஆசிரியரும் அலுவலரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





காலநிலை மாற்றமும் வேலை தேடிப் பெயர்தலும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். மேற்கு ஆபிரிக்க உழவர்களின் வரலாற்றையும் எடுத்துக் காட்டுமாறு கேட்டுள்ளார்கள். இறக்கக்கண்டியில் நின்றுகொண்டு மாலி நாட்டைப் பற்றியும் செனகல் ஆற்றைப் பற்றியும் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்துக்கு விடை என் பேச்சின் நடுவிலே வரும். முதலில் நம் வயலிலே நிற்போம்.

இவ்வூரின் ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு, மேற்கே வயலும் காடும். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் நமது பாலத்தைக் கடக்கும் வழிப்போக்கன், இந்த ஊருக்கு நீர்ப்பஞ்சம் என்று சொன்னால் நகைப்பான். ஆனால் உவர்நீரில் நெல் விளையாது என்பதை இங்கே பிறந்த குழந்தையும் அறியும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கிணறுகளில் உப்பை நிரப்பிச் சென்றபோது அந்தப் பாடத்தை நாம் மறுபடியும் கற்றோம். நமக்குச் சோறு தருவது ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு வரும் மாரி மழை ஒன்றே. மகாவலியின் நீர் அல்லைக்கும் கந்தளாய்க்கும் எட்டுகிறது. குச்சவெளிப் பகுதியின் சிறு குளங்களுக்கோ வானமே வாய்க்கால்.

அந்த வானந்தான் இன்று வாக்குத் தவறுகிறது.

பருவம் தவறிய பருவம்

வள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக, இரண்டாம் அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். உழவை 104 ஆம் அதிகாரத்தில்தான் தனியே பேசினார். மழை முறையாக வந்தாலன்றி மற்ற எதுவும் முறையாக நடவாது என்ற உண்மை அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

மழையின் முறை எவ்வாறு கெட்டது? சில ஆண்டுகளை மட்டும் நினைவூட்டுகிறேன். 2011 சனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கு மாகாணம் அடுத்தடுத்து இரண்டு வெள்ளங்களைக் கண்டது. சனவரி வெள்ளத்தில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; அறுவடையை நெருங்கிய வெள்ளாமை நீரில் அழுகிற்று. ஐந்தாண்டு கழித்து, 2016 இன் மாரியில், அதே வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2016 இல் ஏறக்குறைய 44 இலட்சம் மெட்ரிக் தொன்னாக இருந்த இலங்கையின் நெல் விளைச்சல் 2017 இல் 24 இலட்சத்துக்கு வீழ்ந்தது. 2020 டிசம்பர் 2 ஆம் நாள் புரெவிப் புயல் நமது திருகோணமலைக் கரையிலேயே தரைதட்டியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலில் நாடெங்கும் 600 க்கு மேற்பட்டோர் மாண்டனர். மகாவலி பெருகி மூதூர், வெருகல் பகுதிகள் நீரில் மூழ்கின.

புயலும் வரட்சியும் நமக்குப் புதியன அல்ல என்று முதியவர்கள் சொல்வார்கள். உண்மையே. 1964 டிசம்பர் புயலை நேரிற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தனித்த ஒரு புயலைச் சுட்டிக் காட்டி, இது காலநிலை மாற்றம் ஈன்ற பிள்ளை என்று அறிவியலார் எளிதிற் சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்வது வேறு. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அவ்வாறு தாங்கிய காற்று மண்ணிலிருந்து ஈரத்தை விரைந்து உறிஞ்சும். கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். வரட்சியும் வெள்ளமும் பகைவர் போலத் தோன்றினாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. 1961 முதல் 1990 வரையான 30 ஆண்டுகளில் இலங்கையின் சராசரி வெப்பம் ஆண்டுக்கு 0.016 பாகை வீதம் ஏறிவந்தது என்று வானிலை அவதான நிலையத்தார் கணித்தனர். அதன் பின்னரும் ஏற்றம் நின்றபாடில்லை. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் சூடேறிய முதல் ஆண்டு 2024.

நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களிலே நம் கமக்காரர் இதைக் கண்ணாற் காண்கிறார்கள். நெல்லுக்கு நீர் இருந்தாலும் போதாது. பூக்கும் நாழிகையில் வெயிலும் பொறுத்தருள வேண்டும்.

பழி யார்மேல்?

இப்போது ஆபிரிக்காவுக்கு வருகிறேன். சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பிலே, செனகல் தொடங்கிக் கிழக்கு நோக்கி நீளும் வரண்ட நிலப்பரப்பைச் சஹேல் என்பர். அங்கே ஆண்டில் மூன்று நான்கு திங்கள்களே மழை. அந்த மழையை நம்பித் தினையும் சோளமும் விதைக்கும் உழவர்கள், 1968 இல் தொடங்கி 1980 களின் நடுப்பகுதி வரை தொடர்ந்த கொடிய வரட்சியைச் சந்தித்தார்கள். ஆடுமாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. மக்களும் மாண்டனர். அந்த வரட்சியின் நடுவில், 1973 இலே, அந்நாடுகள் வரட்சியை எதிர்க்கக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டன.

அப்போது உலகம் என்ன சொல்லிற்று? ‘இடையர்கள் மிகுதியாக மேய்த்தார்கள், உழவர்கள் மரத்தை வெட்டினார்கள், ஆகவே மழை பொய்த்தது’ என்றது. பட்டினி கிடந்தவன் தலையிலேயே பழியும் சுமத்தப்பட்டது. ஆனால் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், சிறப்பாக 2003 இல் வெளிவந்த ஆய்வு, வேறொன்றைக் காட்டின. சஹேலின் மழையை முதன்மையாக அடக்கி ஆண்டது கடல்களின் வெப்பமே. வெப்பமண்டல அத்திலாந்திக் கடலும் இந்துமாக்கடலும் சூடேறியபோது அங்கே பருவமழை தளர்ந்தது.

இந்துமாக்கடல் என்றேனே, அது எந்தக் கடல்? நம் கரைவலை விழும் இந்த நீர் எந்தப் பெருங்கடலின் ஓரமோ, அதுதான்! மேகத்துக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடலுக்கு எல்லைக்கல் இல்லை. 2016 இல் நமது மாரி பொய்த்ததற்கும் இதே கடல்தான் காரணமாயிற்று. அவ்வாண்டில் இந்தோனேசியாப் பக்கம் கடல் வழமைக்கு மேல் சூடேறி, மேற்குப் பக்கம் குளிர்ந்தது. மழை மேகங்கள் கிழக்கே திரண்டன. நாம் வெறும் வானத்தைப் பார்த்து நின்றோம். இறக்கக்கண்டியில் நின்று மாலியைப் பற்றிப் பேசுவானேன் என்ற ஐயத்துக்கு விடை இதுவே.

பழியின் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். உலகம் ஆண்டுதோறும் காற்றில் விடும் கரிப்புகையில் ஆபிரிக்கக் கண்டம் முழுவதன் பங்கு நூற்றுக்கு 4 க்கும் குறைவு. இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. கமக்காரன் இந்த வழக்கில் குற்றவாளி அல்லன்; தண்டனையை மட்டும் அனுபவிப்பவன். காட்டை அழிப்பதும் நீரேந்து பரப்பைக் கெடுப்பதும் தவறில்லை என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். அவை நம்மை நாமே அடித்துக்கொள்ளும் அடி. ஆனால் பேரடி வேறிடத்திலிருந்து வந்தது.

பஞ்சத்தின் பின்னால் வந்த கங்காணி

அன்பர்களே! மழை பொய்த்தால் மனிதன் பெயர்வான் என்பது பழைய உண்மை. ஆனால் அவன் எங்கே பெயர்வான், எந்த விலைக்குப் பெயர்வான் என்பதை வானம் முடிவுசெய்வதில்லை. மனிதரே முடிவு செய்கிறார்கள்.

நம் இனத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876 இல், தாது வருடத்தில், தென்னாட்டில் பெரும் பஞ்சம் மூண்டது; 1878 வரை அது ஓயவில்லை. பசிபிக் கடலின் வெப்பநிலை தலைகீழாகியதால் இந்தியப் பருவமழை தவறிய ஆண்டுகள் அவை என்பதை இன்றைய அறிவியல் விளக்குகிறது. ஆனால் பஞ்சம் மட்டும் தமிழனை இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நேட்டாலுக்கும் கொண்டுசெல்லவில்லை. பஞ்சத்தின் பின்னால் கங்காணி வந்தான். கையிலே முற்பணத்தோடு வந்தான். அந்த முற்பணம் கடனாயிற்று. கடன் ‘துண்டு’ என்ற சீட்டாயிற்று. துண்டைத் தீர்க்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது என்பது வழக்கமாயிற்று. அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சென்றவர்களின் வழித்தோன்றல்கள், 1977 இன் வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வடகிழக்குக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்து, நமது அயலவராக வாழ்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், துண்டு என்றால் என்னவென்று அவர்தம் பாட்டிமார் சொன்ன கதை இருக்கும்.

மேற்கு ஆபிரிக்காவிலும் இதே கதைதான். மேல் வோல்டா என்று அந்நாளில் அழைக்கப்பட்ட புர்கினா பாசோவின் மோசி இன உழவர்களைப் பிரெஞ்சு ஆட்சியாளர் காசாக வரி கட்டு என்றனர். காசு ஏது? கடற்கரை நாடான ஐவரி கோஸ்டின் கொக்கோ, கோப்பித் தோட்டங்களில் கூலி செய்தாற்றான் காசு. 1932 இல் மேல் வோல்டா என்ற ஆட்சிப் பிரிவையே உடைத்து, அதன் பெரும்பகுதியை ஐவரி கோஸ்டோடு சேர்த்தார்கள். தோட்டத்துக்கு ஆள் பிடிப்பது எளிதாயிற்று! கட்டாய உழைப்பு 1946 இல் சட்டப்படி நின்றது. 1947 இல் நாடும் மீண்டும் உருப்பெற்றது. ஆனால் தெற்கே செல்லும் பாதை மக்களின் கால்களிலே பதிந்துவிட்டது. பின்னர் வரட்சி வந்தபோது அவர்கள் அதே பாதையிலே நடந்தார்கள். செனகலிலும் காம்பியாவிலும் நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலை பயிரிடப்பட்ட வயல்களுக்கு, மழைக்காலந்தோறும் உள்நாட்டிலிருந்து உழவர் வந்து கூலிக்கு உழைத்தனர். அவர்களுக்கு ‘நவெத்தான்’ என்று பெயர். மழைக்காலத்தைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

வானம் தள்ளுகிறது, கடன் இழுக்கிறது, முன்னே போனவன் போட்ட பாதை வழிகாட்டுகிறது. இம்மூன்றும் சேர்ந்ததே பெயர்வு.

போகிறவர் யார்? நிற்கிறவர் யார்?

ஒரு காலத்தில் திருகோணமலை வேலை தேடி வந்த ஊர். 1957 இல் பிரித்தானியக் கடற்படை நீங்கும்வரை துறைமுகத் தொழிலை நாடிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்தார்கள். இன்று மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகிறார்கள். சவூதி, கட்டார், குவைத், டுபாய் என்ற பெயர்கள் நம் வீட்டுப் பெயர்களாகிவிட்டன.

நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2021 இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை விதித்தார்கள். அடுத்த பெரும்போகம் பெருமளவு வீழ்ந்தது. பின்னர் 2022 இன் பொருளாதார முறிவு வந்தது. அந்த ஓராண்டிலேயே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து வெளியேறினார்கள். 2023 இல் அவ்வாறு போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஏறக்குறைய 600 கோடி அமெரிக்க டொலர். நாட்டைத் தாங்கிய தூண் எது என்று கேட்டால், பாலைவன வெயிலிலே வியர்த்த அந்தத் தோள்களே என்று சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரட்சி வந்தால் எல்லாரும் தூரதேசம் போவார்கள் என்று நினைப்பது பிழை. 1983 முதல் 1985 வரை நீடித்த வரட்சியின்போது மாலி நாட்டின் கயேஸ் வட்டாரத்தில் நிகழ்ந்த பெயர்வைப் பற்றிய ஆய்வு ஒன்று வியப்பான ஓர் உண்மையைக் கண்டது. வரட்சி முற்றிய ஆண்டுகளில் பிரான்சு போன்ற தூரதேசங்களுக்கான பயணம் கூடவில்லை. கூடியது, அருகே போய்ச் சில திங்களில் திரும்பும் குறுகிய பயணமே; அதிலும் பெண்களும் பிள்ளைகளும் மிகுதியாகப் புறப்பட்டார்கள். காரணம் எளிது. கப்பலுக்கும் விமானத்துக்கும் காசு வேண்டும். விளைச்சல் இல்லாதவனிடம் காசு இல்லை.

இந்த உண்மை நமது ஊருக்கு எப்படிப் பொருந்துகிறது? முகவருக்குக் கொடுக்கப் பணம் உள்ளவன், அல்லது அடைவு வைக்க நகை உள்ளவன், மகனைக் கட்டாருக்கு அனுப்புகிறான். அதுவும் இல்லாதவன் வீட்டில் என்ன நடக்கிறது? பணிப்பெண்ணாகப் போகும் பெண்ணுக்கு முகவரே முற்பணம் தருகிறார். ஆகவே மிக ஏழையின் வீட்டிலிருந்து மனைவியோ மகளோ புறப்படுகிறாள். முற்பணம் என்ற சொல் உங்கள் காதில் விழுகிறதா? கங்காணி சாகவில்லை, தோழர்களே! தலைப்பாகையைக் கழற்றிவிட்டு விமானச் சீட்டோடு வந்து நிற்கிறான்.

2005 இல் மூதூர்ப் பகுதியிலிருந்து 17 வயதுச் சிறுமி ஒருத்தி, வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்டாள். அவள் பராமரித்த குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. உலகமே மன்றாடியும் 2013 சனவரி 9 இல் அவள் தலை வெட்டப்பட்டது. அவள் பெயரை நான் சொல்லவேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் அதை அறியாதவர் இல்லை. அவளை அனுப்பியது எது? வறுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாகாது. வயதைத் திருத்திய கை ஒன்று உண்டு. அதைக் கண்டும் காணாதிருந்த மேசைகள் உண்டு.

வெயிலுக்கு அஞ்சி வெயிலிடம்

இன்னொரு கொடுமையையும் சொல்லவேண்டும். நம் வயலில் 35 பாகை வெயில் நெல்லைப் பதராக்குகிறது. அதனால் வயலைக் கைவிட்ட இளைஞன், அதைவிடக் கொடிய வெயிலில் கட்டடம் கட்டப் போகிறான். கட்டார் அரசு 2021 இல் விதித்த சட்டப்படி, சூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி தொடங்கிப் பிற்பகல் 3.30 வரை வெளியிடத்தில் வேலை வாங்கலாகாது. சட்டம் வந்ததை வரவேற்கிறோம். ஆனால் ஒரு நாடு சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு அங்கே வெயில் கொல்கிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தொழில்தருநரின் அனுமதியோடு தொழிலாளியின் வாழ்வையே கட்டிவைக்கும் கபாலா முறையில், ‘தலை சுற்றுகிறது’ என்று சொல்லவும் துணிவு வேண்டும்.

பிறர் நாட்டுக் கூலியை மட்டும் நம்பிய வீடு எத்தனை நிலையற்றது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்தில் நுழைந்தபோது நம் நாட்டவர் பல்லாயிரவர் உடுத்த உடையோடு திரும்பினர். 2002 இல் ஐவரி கோஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது புர்கினா பாசோ உழவர்கள் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். 2020 இன் கொரோனாத் தொற்றை யார் மறந்தார்? கடல் கடந்த வேலை ஓர் ஊன்றுகோல். அதையே காலாக நினைப்பவன் விழுவான்.

திரும்பி வந்த பதினால்வர்

இதுவரை நான் சொன்னவை துயரக் கதைகள். துயரத்தை மட்டும் சொல்லிப் போவது பேச்சாளனுக்கு எளிது, கேட்டவனுக்குப் பயனில்லை. ஆபிரிக்க உழவர் செய்துகாட்டிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, புர்கினா பாசோவின் யாத்தெங்கா வட்டாரத்தைச் சேர்ந்த யக்கூபா சவடோகோ என்ற உழவரின் கதை. 1980 களின் தொடக்கத்தில் அயலவர்கள் வரண்ட நிலத்தை விட்டு வெளியேறியபோது அவர் நின்றார். கோடையிலே கட்டாந்தரையில் ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமுள்ள குழிகளை வரிசையாகத் தோண்டி, எரு இட்டுவைத்தார். ‘ஸாய்’ எனப்படும் முன்னோர் முறையை அவர் செம்மைப்படுத்தினார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. கறையான் மண்ணைத் துளைத்தது. விழுந்த முதல் மழை ஓடாமல் குழியில் இறங்கியது. கோடையில் தோண்டுகிறானே என்று ஊரார் நகைத்தார்கள். பின்னர் அவரிடமே கற்றார்கள். 2018 இல் அவருக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது கிடைத்தது. 2023 இல் மறைந்தார். அதே பகுதியில் ரனாவா என்ற சிற்றூர் 1975 க்கும் 1985 க்கும் இடையில் தன் மக்களில் நாலில் ஒரு பங்கை இழந்திருந்தது. கல்வரம்பு கட்டி நிலத்தைத் திருத்தத் தொடங்கிய பின் ஊரைவிட்டுக் குடும்பங்கள் வெளியேறுவது நின்றது; வற்றிய கிணறுகளில் நீர் ஊறிற்று.

இரண்டாவது, செனகல் ஆற்றங்கரைச் சோனின்கே மக்களின் வழக்கம். பிரான்சில் தொழிலாளர் விடுதிகளில் தங்கி உழைத்த அவர்கள் ஊர்தோறும் ஒரு சங்கம் வைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொதுப் பெட்டியிலிட்டு, ஊரிலே கிணறும் பள்ளிக்கூடமும் மருந்தகமும் பள்ளிவாசலும் கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு மணியோடர். ஊருக்கு ஒரு மணியோடர்!

மூன்றாவதுதான் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. சஹேல் வரட்சியின் செய்தியைப் பாரிசில் இருந்து கேட்ட ஆபிரிக்கத் தொழிலாளர் சிலர், ‘பணம் அனுப்புவது போதாது, நாமே திரும்பிப் போய் உழவேண்டும்’ என்று முடிவு செய்தார்கள். பூபா தூரே என்ற ஒளிப்படக் கலைஞரும் அவர்களில் ஒருவர். 1976 இல் பிரெஞ்சுப் பண்ணைகளில் வேளாண் பயிற்சி பெற்றார்கள். 1977 சனவரியில் பதினால்வர் மாலியிலே, செனகல் ஆற்றங்கரையில், சொமங்கிடி கூரா என்ற கூட்டுறவுப் பண்ணையை நிறுவினார்கள். கையால் காடு வெட்டினார்கள். ஆற்றுநீரைப் பொறியால் இறைத்து வாழையும் வெங்காயமும் பயிரிட்டார்கள். அந்தக் கூட்டுறவு பல பத்தாண்டுகள் நிலைத்து ஓர் ஊராகவே வளர்ந்தது.

சஹேலின் துன்பம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1990 களுக்குப் பின் மழை ஓரளவு மீண்டது. ஆனால் பேய்மழையாக மீண்டது. கடும் மழைப்புயல்கள் 1982 ஆம் ஆண்டு தொட்டு மும்மடங்காயின என்று 2017 இன் ஆய்வு ஒன்று கூறுகிறது. மழை கூடினாலும் அதைத் தேக்க வழியில்லாதவனுக்கு அது வெள்ளமே.

நாம் செய்யவேண்டியவை

தேக்குவது எப்படி என்று தமிழனுக்கு ஆபிரிக்கா சொல்லித்தர வேண்டுமா? கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் இணைத்துக் குளக்கோட்டன் பெயரைப் போற்றும் மாவட்டம் இது. குளமும் கோட்டமும் ஒரே பெயரில் நிற்கின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும் நமது நாட்டுக் குளத்தொகுதிகளை உலகம் போற்றும் வேளாண் மரபென்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஆனால் நம் வட்டாரத்துச் சிறு குளங்களின் நிலை என்ன? 1985 இலும் 1990 இலும் நேர்ந்த இடப்பெயர்வுகளின்போது ஊர்கள் காடாயின, பராமரிப்பாரின்றி அணைகள் கரைந்தன, துருசுகள் துருப்பிடித்தன. மக்கள் மீண்டார்கள், பல குளங்கள் இன்னும் முழுதாக மீளவில்லை.

ஆகவே முதல் வேலை குளம். 200 ஏக்கருக்கு உட்பட்ட பரப்புக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் குளத்தின் வண்டல் எவ்வளவு, வான் எந்நிலையில் இருக்கிறது, துருசு அடைகிறதா என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் பொறியியலாளரும் ஆசிரியரும் ஒரு நாளை ஒதுக்கி அதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆடி, ஆவணி, புரட்டாதியில் முடியாத வேலை ஐப்பசியில் முடியாது. குளத்துக்கு மேலே உள்ள நீரேந்து காடு ஒரு திணைக்களத்துக்கு, குளம் மற்றொன்றுக்கு, வயல் வேறொன்றுக்கு என்று எல்லைக்கல் நாட்டப்படும்போது கமக்காரனை அழைத்துக் கேட்கவேண்டும் என்பது நம் நியாயமான கோரிக்கை. பரம்பரையாக உழுத காணிக்குப் பத்திரம் இல்லாதவன் வங்கிக் கடனுக்கும் நட்டஈட்டுக்கும் வெளியே நிற்கிறான். அவனுக்கு முகவரின் முற்பணந்தான் மிச்சம். காணி உரிமையைத் தாமதிப்பதும் மக்களை விமானத்தில் ஏற்றுவதும் ஒன்றே.

இரண்டாவது, பயிர். மாரி பிந்தி வந்து முந்தி முடிகிறது என்றால் நான்கு மாத நெல்லை நம்பியிருக்கலாகாது. 80 நாளில் விளையும் பீ.ஜீ. 250, உவரைத் தாங்கும் ஏ.டீ. 354 ஆகிய இனங்களை நம் ஆராய்ச்சி நிலையங்களே தந்திருக்கின்றன. குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் நெல்லுக்குப் பதிலாகக் கச்சானும் எள்ளும் பயறும் விதைக்கக் கூட்டாக முடிவு செய்யுங்கள். ஒருவன் நெல்லும் மற்றவன் எள்ளும் விதைத்தால் நீர் இருவருக்கும் பயன்படாது.

மூன்றாவது, கடன். 2017 இன் வரட்சிக்குப் பின் நுண்நிதிக் கடன் நம் தாய்மாரை எப்படி வாட்டிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். 2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யவேண்டியதாயிற்று. பயிர்க் காப்புறுதியில் உங்கள் வயல் பதிவாகியுள்ளதா என்று போகம் தொடங்குமுன் பாருங்கள். வெள்ளம் வந்தபின் பார்த்துப் பயனில்லை.

நான்காவது, போகிறவர்களின் காவல். போகாதே என்று எவரையும் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் ஒருவரையும் அனுப்பமாட்டோம் என்று ஊர் முடிவு செய்யலாம். 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகவிடமாட்டோம் என்றும், வயதைத் திருத்தும் முகவரைக் காட்டிக்கொடுப்போம் என்றும் முடிவு செய்யலாம். கோயில் அறங்காவலரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் தேவாலயத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

ஐந்தாவது, பொதுப்பெட்டி. கட்டாரிலும் குவைத்திலும், இலண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அது நல்லது. அதில் ஒரு பங்கு குளத்துக்கு என்று கேளுங்கள். கேட்குமுன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். திங்களுக்கு ஒருமுறை வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். சோனின்கே மக்களின் சங்கங்கள் ஊரை வளர்த்ததற்கு அடிப்படை பணம் மட்டுமன்று. ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையே.

இவை நம் கையில் உள்ளவை. உலகத்தின் கையில் உள்ளது ஒன்றுண்டு. 2022 இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில், பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி ஒன்று அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 2023 இல் டுபாயிலே அதற்கு உருக்கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் வியர்வை சிந்தும் அதே டுபாயில்! அந்த நிதி பிச்சையன்று. புகை விட்டவன் கட்டவேண்டிய தண்டம். ஆனால் அந்நிதி கொழும்பு வரை வந்து நின்றுவிடாமல் குச்சவெளியின் குளக்கட்டு வரை வரவேண்டுமானால், கேட்பதற்கு நம்மிடம் எழுதிய கணக்கு இருக்கவேண்டும். இன்ன குளம், இத்தனை ஏக்கர், இத்தனை குடும்பம், இத்தனை பேர் வெளிநாட்டில் என்ற விவரம் நம் கையில் இருந்தால்தான், அரசாங்க அதிபரின் மேசையிலும் பாராளுமன்றத்திலும் நம் குரல் எடுபடும்.

அன்பர்களே! கடல் கடந்து போன நம் கைகள் நன்றியற்றவை அல்ல. திரும்பி வர ஒரு நிலம் வேண்டும் என்பதே அவற்றின் ஏக்கம். திரும்பி வருகிறவனுக்கு நீர் நிறைந்த குளத்தைக் காட்டுவதா, புல் முளைத்த குளத்தைக் காட்டுவதா என்பதை இங்கே இருக்கும் நாம் முடிவு செய்யவேண்டும். அடுத்த வாடைக்காற்றுக்குமுன் ஒரு குளத்தையாவது நம் கையால் திருத்தி முடிப்போம். எந்தக் குளம் என்பதை இக்கூட்டம் கலைவதற்குமுன் தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.